மலைமேகத்திலிருந்து பனியைக் கறப்பது எப்படி?

வெள்ளி அயோடைடு என்ற வேதிப்பொருளை மேகத்தில் தூவிப் பெய்வித்த மழையை, தானாகவே பெய்திருக்கக்கூடிய மழையிலிருந்து எப்படிப் பிரித்தறிவது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இப்படித் தூவி மழையோ பனியோ பெய்விக்கும் மேக விதைப்புத் துறையை எழுபது ஆண்டுகள் அலைக்கழித்த கேள்வி இது.

குளிர்காலத்தில் ஈரக்காற்று மலைமீது ஏறிக் குளிரும்போது மேகம் உண்டாகிறது. அதிலுள்ள நுண்துளிகள் சுழியத்துக்குக் கீழே 10 டிகிரியிலும் உறையாமல் நீராகவே இருக்கக்கூடும். உறைவதற்குப் பற்றிக்கொள்ள ஏதேனும் ஒரு துகள் வேண்டும். வெள்ளி அயோடைடின் படிக அமைப்பு பனிக்கட்டியினுடையதைப் பெரிதும் ஒத்திருப்பதால் அதுவே அத்துகளாக அமையும் என்று 1946இல் அமெரிக்க அறிவியலாளர் பெர்னார்டு வானகட் கண்டறிந்தார்.

அடுத்து நடப்பதுதான் இதில் அழகு. பனிக்கட்டியில் மூலக்கூறுகள் நீரில் இருப்பதைவிட இறுக்கமாகப் பிணைந்திருப்பதால், அவை எளிதில் ஆவியாகத் தப்புவதில்லை. எனவே ஒரே வெப்பநிலையில் பனியின் நிறைவு ஆவியழுத்தம், அதாவது அது ஆவியாகிக் குறையாமலும் ஆவியை ஏற்று வளராமலும் இருக்கக் காற்றில் வேண்டிய நீராவியின் அழுத்தம், நீரினுடையதைவிடக் குறைவு. மைனஸ் 15 டிகிரியில், நீர்த்துளிக்குச் சரியாக நிறைவுற்ற காற்று, பனிப்படிகத்துக்கு ஏறத்தாழ 15 சதவீதம் மிகை ஈரம் கொண்டது. அந்த மிகை ஈரத்தைப் படிகம் உறிஞ்சி வளர்கிறது. காற்றில் ஆவி குறைகிறது. குறையை ஈடுகட்ட அருகிலுள்ள துளிகள் ஆவியாகின்றன. துளியும் படிகமும் ஒன்றையொன்று தொடவே இல்லை, ஆனால் துளியின் நீர் படிகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. எடை கூடிய படிகம் வழியில் சில துளிகளையும் மோதி ஒட்டிக்கொண்டு பனியாக விழுகிறது.

வாசகரின் கேள்விக்கு 2017 ஜனவரியில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், பேயட் ஆற்று வடிநிலத்தின் மேல் விடை கிடைத்தது. ஸ்நோயி என்ற ஆய்வில், காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விமானம் முன்னும் பின்னுமாகப் பறந்து தூவிச் செல்ல, சற்று நேரத்தில் ராடார் திரையில் பனிக்கோடுகள் வளைந்து வளைந்து தெரிந்தன. இயற்கை மேகம் அப்படிக் கோடு போடுவதில்லை. இயற்கைப் பனி மிகக் குறைவாக இருந்த மூன்று நாட்களில், தூவியதால் மட்டும் விழுந்த நீரைச் சேர்த்துக் கணக்கிட்டதில் ஏறத்தாழ 7 லட்சம் கன மீட்டர் தேறியது. அளவாகப் பெரிதுதான், ஆனால் பரந்த நிலத்தில் பரவி விழுந்ததால் மழைமானியில் ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதியே பதிவானது.

ஆகவே, மேகத்தில் இருக்கும் நீரைத்தான் கறக்க முடியும். இல்லாத மேகத்தை உண்டாக்க முடியாது. வறட்சி முற்றிய பிறகு விமானத்துக்கு அவசரமாகப் பணம் ஒதுக்குவதற்கும் கழுதைக்குக் கல்யாணம் செய்து வைப்பதற்கும் என் கண்ணுக்கு அதிக வேறுபாடு தெரியவில்லை. நீர்மின் அணைகளை நடத்தும் ஐடஹோ பவர் நிறுவனமோ 2003 முதல் குளிர்காலந்தோறும் பேயட் மலைகளில் தூவிவருகிறது. மலையில் சேரும் பனி வசந்தத்தில் உருகி அணைக்கு வருவதால் அதற்கு ஆதாயம் உண்டு. அந்த ஆதாயத்தைப் பெறுபவரின் கணக்கை மட்டும் நம்பி விட்டுவிடாமல், அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பணத்தில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ராடார் வைத்து அளந்ததே ஸ்நோயியில் எனக்கு மிகப் பிடித்த செலவு.