கன்று வீச்சு நோய்: புருசெல்லோசிஸ் என்ற சொல்லும் எல்க் மானும்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரங்களில் கிடேரிக் கன்று வளர்ப்பவர்கள் 'கன்று வீச்சு நோய்த் தடுப்பூசி' என்ற தொடரைக் கால்நடைத் துறையின் அறிவிப்புகளில் படித்திருப்பார்கள். பசுக்களின் சினையைக் கலைக்கும் அதே நோய் மருத்துவ நூல்களில் புருசெல்லோசிஸ் என்றும், செய்திகளில் சில வேளை 'கருச்சிதைவு நோய்' என்றும் வருகிறது. இந்நோய் தாக்கும் வட அமெரிக்காவின் எல்க் மான்களைப் பற்றித் தமிழில் எழுதுவோர் இம்மூன்றில் எதை எடுப்பது என்று தயங்குவதைக் காண்கிறேன்.

புருசெல்லோசிஸ் என்பதில் நோயின் குறி எதுவும் இல்லை. ஒரு மனிதரின் பெயர்தான் இருக்கிறது. டேவிட் புரூஸ் என்ற பிரிட்டிஷ் இராணுவ மருத்துவர் 1887இல் மால்டா தீவில், காய்ச்சலால் இறந்த படைவீரர்களின் மண்ணீரலிலிருந்து ஒரு நுண்ணுயிரியைப் பிரித்தெடுத்தார். பத்தாண்டு கழித்து, 1897இல், டென்மார்க்கில் பெர்ன்ஹார்டு பேங் சினை கலைந்த பசுக்களிடம் மற்றொரு நுண்ணுயிரியைக் கண்டார். தீவின் காய்ச்சலுக்கும் தொழுவத்தின் நட்டத்திற்கும் உறவுண்டு என்று அப்போது எவரும் எண்ணவில்லை. 1918இல் ஆலிஸ் எவன்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இரண்டும் நெருங்கிய உறவுடையவை என்று காட்டிய பிறகே, 1920இல், புரூஸின் பெயரோடு சிறுமையைக் குறிக்கும் இலத்தீன் விகுதி சேர்ந்து 'புருசெல்லா' என்ற பேரினப் பெயர் உருவாயிற்று. மாட்டையும் எல்க் மானையும் தாக்கும் இனத்திற்குப் 'புருசெல்லா அபார்ட்டஸ்' என்று பெயர். அபார்ட்டஸ் என்பது கருச்சிதைவைக் குறிக்கும் இலத்தீன் சொல்.

'கருச்சிதைவு நோய்' அந்த இலத்தீன் சொல்லின் நேர்ப்பெயர்ப்பு போலத் தோன்றினாலும் ஏற்கத்தக்கதன்று என்பது என் கருத்து. எலிக்காய்ச்சல் கிருமியாலும் வேறு பல தொற்றுகளாலும், அடிபட்டாலும்கூட சினை கலையும். கருச்சிதைவு என்பது விளைவின் பொதுப்பெயர். 'கன்று வீச்சு' அப்படியன்று. பசு ஐந்து மாதத்திற்குப் பிறகு, உருவம் தெரியும் கன்றை உரிய காலத்திற்கு முன்பே வெளியே தள்ளிவிடுவதை 'கன்று வீசிவிட்டது' என்றே மாடு வளர்ப்போர் சொல்வார்கள். இந்நோயில் நடப்பதும் பெரும்பாலும் அதுவே: கிருமி நஞ்சுக்கொடியில் பெருகி அதை அழற்சியுறச் செய்வதால், சினையின் பிற்பகுதியில் கன்று விழுகிறது, கொடியும் விழாமல் தங்கிவிடுவதுண்டு. காளைக்கு ஏற்படும் விதைவீக்கத்தை இந்தப் பெயர் சொல்லவில்லை என்பது குறைதான் எனினும், வழக்கில் உள்ள பெயர்களில் இதுவே நோயை நன்கு காட்டுகிறது.

மானுக்கு இந்தப் பெயர் பொருந்துமா என்று கேட்கலாம். தொல்காப்பிய மரபியல் நவ்வி, உழை, புல்வாய் ஆகிய மான்வகைகளின் இளமையை 'மறி' என்று சொன்னாலும், பெரிய மான்வகைகளான கடமைக்கும் மரைக்கும் 'கன்று' என்ற பெயரைத் தருகிறது. எல்க் மரைக்கு நிகரான பேருரு உடையது ஆதலால் 'எல்க் கன்று' என்பதில் மரபு மீறல் இல்லை. ஆனால் எல்க்கையே மரை என்று எழுதிவிடக் கூடாது. இலங்கையில் வேட்டையாடிய ஆங்கிலேயர் அங்குள்ள மரையை எல்க் என்று அழைத்தனர். அகராதிகளில் மரைக்கு நேராக எல்க் இடம்பெற்றதற்கு இத்தகைய வழக்கே காரணமாகலாம். ஐரோப்பாவிலோ எல்க் என்பது அமெரிக்கர் மூஸ் என்று சொல்லும் விலங்கு. இங்கே பேசப்படுவது, ஷானி பழங்குடியினரின் மொழியில் 'வெண்பிட்டம்' என்ற பொருளில் வாப்பிட்டி எனப்படும் வட அமெரிக்க மான்.

இம்மானுக்கு நோய்கள் பல உண்டு. மூளையுறையைத் தாக்கும் புழு, கல்லீரல் தட்டைப்புழு, குளிர்கால உண்ணி ஆகியவை ஒட்டுண்ணிகள். பண்ணை எல்க்குகளில் மாட்டுக் காசநோய் பரவிய வரலாறும் உண்டு. கன்று வீச்சு நோயோ ஐரோப்பிய மாடுகளோடு கடல் கடந்து அக்கண்டத்திற்குச் சென்றது. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் காட்டெருமைகளில் 1917இல் அது கண்டறியப்பட்டது. பின்னர் அங்குள்ள எல்க்குகளிலும் நிலைகொண்டது.

காட்டில் எல்க் தனித்து ஒதுங்கி ஈனும். கொடியைத் தானே தின்று இடத்தைத் துப்புரவாக்கிவிடும். அதனால் நோய் எளிதில் பரவாது. வயோமிங் மாநிலத்தில் 1912இல் அமைந்த தேசிய எல்க் புகலிடத்திலும், மாநில அரசு நடத்தும் இருபதுக்கு மேற்பட்ட தீவனக் களங்களிலும் நிலைமை வேறு. பனிக்காலத்தில் பட்டினியைத் தடுக்கவும், ஆயர்களின் வைக்கோலைக் காக்கவும் அங்கே தீவனம் இடப்படுகிறது. நம் புலிக்குளம் மாடுகளை இரவில் வயலில் கிடை போடுவது போல மந்தைகள் நெருங்கி நிற்கும் அக்களங்களில், ஒரு மான் வீசிய கன்றைப் பல மான்கள் முகர்ந்தும் நக்கியும் பார்க்கின்றன. வீச்சு நிகழ்வது பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஜூன் வரையிலான மாதங்களில். அதன் முற்பகுதி தீவனக் காலத்தோடு ஒன்றிவிடுகிறது. 1985 முதல் சுமார் முப்பது ஆண்டுகள் வயோமிங்கில் 'எஸ் 19' தடுப்பூசியைக் கரையும் தோட்டாக்களில் வைத்து எல்க்குகளின் மேல் சுட்டார்கள். எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. அவ்வட்டாரத்தில் அண்மைக் காலத்தில் மாட்டுப் பண்ணைகளுக்கு நோய் சென்றது எல்க்குகளிடமிருந்தே என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் 2017ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது.

அதே எஸ் 19 மாட்டுக்கு நன்கு பயன்படுகிறது. நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள கிடேரிகளுக்கு ஆயுளில் ஒரு முறை போடுவதும் பெரும்பாலும் இதுவே. காளைக்கன்றுகளுக்கு இது போடப்படுவதில்லை. கன்று ஈன்றதும் கொடியை ஓலையிலோ சாக்கிலோ பொதிந்து ஆலமரத்தில் கட்டும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. வீசிய கன்றையும் அதன் கொடியையும் பொறுத்தவரை அவ்வழக்கை விட்டு, வெறுங்கையால் தொடாமல், சுண்ணாம்பு இட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும்.

மனிதருக்கு இந்நோய் வரும்போது 'கன்று வீச்சு' என்று எழுதுவது நகைப்புக்கிடமாகும். காய்ச்சாத பாலாலும் வீசிய கன்றைக் கையாள்வதாலும் தொற்றி, வாரக்கணக்கில் ஏறியும் இறங்கியும் வரும் இக்காய்ச்சலை, அலை என்று பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து பெயரிட்டு அழைத்தவர்கள் உண்டு. அதைத் தழுவி 'அலைக்காய்ச்சல்' எனலாம். மருத்துவக் குறிப்பாக இருந்தால், சோதனைச்சாலை அறிக்கையோடு ஒத்திருக்கும்படி 'புருசெல்லா காய்ச்சல்' என்று எழுதுவதே நலம்.