வவுனியாவில் அறுந்த ஃபைபர் கொழும்புக்கு எப்படித் தெரிகிறது?

வவுனியாவுக்கும் மதவாச்சிக்கும் நடுவே வீதி திருத்தும் இயந்திரம் ஒன்று நிலத்தைத் தோண்டும்போது ஃபைபர் கேபிளை அறுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தோண்டியவருக்கே அது தெரியாமல் போகலாம். ஆனால் 250 கி.மீ. தள்ளி, கொழும்பில் இரவு பகலாக விளக்கெரியும் ஒரு மண்டபத்தில் இருப்பவர்களுக்கு அடுத்த சில செக்கன்களில் தெரிந்துவிடும். தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வலையமைப்புக் கட்டுப்பாட்டு மையம் அது. துறைக்குள் இருப்பவர்கள் 'நொக்' என்பார்கள். சுவரை நிறைத்த திரைகளில் சிவப்பு வரிகள் மளமளவென்று ஏறும்.

அந்த வரிகளை எந்த மென்பொருள் சேகரிக்கிறது, அது எங்கே இருக்கிறது, முடிவை யார் எடுக்கிறார்கள்? வலையமைப்பு மேலாண்மையில் பல வருடங்களாக நடந்துவரும் வாதம் இதைச் சுற்றித்தான். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து ஆள்வது ஒரு வழி. வேலையை மாகாணங்களுக்கும் டவர்களுக்கும் பிரித்துக் கொடுப்பது இன்னொரு வழி. நம்முடையது போன்ற சிறிய தீவுக்கு முதல் வழியே தாராளமாகப் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் தூரம் அதற்குக் காரணமில்லை. ஃபைபருக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கி.மீ. ஓடுகிறது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை 400 கி.மீ. என்று எடுத்தாலும் ஒருவழிப் பயணத்துக்கு 2 மில்லிசெக்கன்தான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

மேலாண்மை என்றால் பழுது பார்ப்பது மட்டும் இல்லை. சர்வதேசத் தர வரையறை அதை ஐந்தாகப் பிரிக்கிறது: பழுது, அமைப்பு, கணக்கு, செயல்திறன், பாதுகாப்பு. இந்தக் கட்டுரைக்கு முதல் இரண்டும் போதும். எது கெட்டுவிட்டது என்று அறிவது ஒன்று, கருவியின் அமைப்பை மாற்றுவது மற்றது.

மையத்துக்குச் செய்தி இரண்டு விதமாக வருகிறது. ஒன்று, மையமே ஒவ்வொரு கருவியிடமும் போய் "எப்படி இருக்கிறாய்?" என்று தவணை முறையில் கேட்பது. மற்றது, ஏதாவது நடந்தால் கருவி தானாகவே கத்துவது. 1988இல் வெளியான எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறை இரண்டையும் செய்கிறது, இன்றும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது.

கேட்பதில் உள்ள பாரத்தைப் பார்ப்போம். ஒரு நிறுவனத்துக்கு 4,000 டவர், டவருக்கு 10 கருவி, கருவிக்கு 200 அளவீடு, 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்க வேண்டும் என்று கற்பனை செய்யுங்கள். 80 இலட்சம் அளவீடுகளை 300 செக்கனில் எடுக்க வேண்டும். செக்கனுக்குக் கிட்டத்தட்ட 27,000. பல கேள்விகளை ஒரே பொதியில் கட்டி அனுப்பலாம், நல்ல செர்வர்கள் இருந்தால் இதைச் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது, கருவிகள் பதில் சொல்லாதபோது நடப்பது. உயிரோடு இருக்கும் கருவி சில மில்லிசெக்கனில் பதில் தந்துவிடும். செத்த கருவிக்காக மென்பொருள் 5 செக்கன் காத்திருந்து, மூன்று தடவை முயன்று பார்த்தால் 15 செக்கன் போய்விடும். ஆயிரம் கருவிகள் ஒன்றாக மௌனமானால் கேட்கும் வரிசை முழுக்க அடைத்துக்கொள்ளும், உயிரோடு இருக்கும் கருவிகளின் நிலையும் திரையில் பழசாகிவிடும். மையத்துக்குக் கண் தெளிவாகத் தெரிய வேண்டிய நேரத்தில்தான் அதன் பார்வை மங்குகிறது.

சரி, கருவியே கத்தட்டும் என்றால் அதிலும் ஒரு குறை இருக்கிறது. எஸ்.என்.எம்.பி.யின் முதல் பதிப்பில் கருவி அனுப்பும் அறிவிப்புக்கு, கிடைத்ததா இல்லையா என்ற பதில் கிடையாது. வழியில் தொலைந்தால் தொலைந்ததுதான். பதில் எதிர்பார்க்கும் அறிவிப்பு பின்னால் வந்தது. ஆனால் போகும் வழியே அறுந்துவிட்டால் அதுவும் வந்து சேராது.

மறுபடி மதவாச்சி வெட்டுக்கு வருவோம். கேபிள் அறுந்ததும் இரண்டு முனைக் கருவிகளும் "ஒளி வரவில்லை" என்கின்றன. அவற்றின் மேல் ஓடும், தரவுக்குப் பாதை காட்டும் ரவுட்டர்கள் "அயலவரைக் காணவில்லை" என்கின்றன. அந்த வழியை மட்டுமே நம்பியிருந்த டவர்கள் தொடர்பிழக்கின்றன. ஒவ்வொரு டவரிலும் 2ஜி, 4ஜி என்று தனித்தனியாக அலாரம். அழைப்புகள் தோற்கின்றன என்று கொழும்பில் உள்ள மையக் கருவிகளும் சேர்ந்து கத்துகின்றன. வெட்டு ஒன்று, வரிகள் நூற்றுக்கணக்கில். இதை அலாரப் புயல் என்பார்கள். உண்மையான காரணத்தைச் சொல்லும் இரண்டே இரண்டு வரிகள் அந்தக் குவியலின் நடுவில் எங்கோ கிடக்கும்.

இவற்றைக் கோத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் எந்த டவர் எந்தக் கேபிளில் தொங்குகிறது என்ற வரைபடம் சரியாக இருந்தால்தான் அவை வேலை செய்யும். போன மாதம் ஒரு இணைப்பை மாற்றிவிட்டு, அதைப் பதிவேட்டில் ஏற்றாமல் விட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் தவறான ஊருக்குத்தான் ஆளை அனுப்பும். மேலாண்மையைப் பற்றிப் பேசுபவர்கள் இந்தப் பதிவேட்டு வேலைக்கு உரிய மதிப்பைக் கொடுப்பதில்லை என்பது என் வருத்தம்.

பகிர்ந்த முறையில் அநுராதபுரத்திலோ வவுனியாவிலோ ஒரு சேகரிப்புச் செர்வர் இருக்கும். அந்தப் பகுதிக் கருவிகளிடம் அதுவே கேட்டுக்கொள்ளும். வரும் அலாரங்களை வடிகட்டி, "இன்ன இரண்டு இடங்களுக்கு நடுவே ஃபைபர் வெட்டு" என்ற ஒரு வரியைக் கொழும்புக்கு அனுப்பும். கொழும்புக்கான பாதையே அறுந்தால் செய்திகளைத் தன்னிடம் சேமித்து வைத்து, பாதை வந்ததும் ஒப்படைக்கும். மாவட்டச் செயலகத்தில் முடிக்கக்கூடிய ஒரு கையெழுத்துக்கு ஃபைலைக் கொழும்புக்கு அனுப்பிக் காத்திருந்த யாருக்கும் இதன் அருமை புரியும்.

உண்மையில் மிக அவசரமான முடிவுகளை வலையமைப்பு என்றைக்குமே கொழும்பிடம் கேட்டதில்லை. ஃபைபர் பாதைகளை வளையமாக அமைப்பார்கள். ஒரு பக்கம் அறுந்தால் இரு முனைக் கருவிகளும் தாங்களாகவே மறுபக்கத்துக்கு மாறிவிடும். அதற்கு வைத்திருக்கும் இலக்கு 50 மில்லிசெக்கன். பேசிக்கொண்டிருப்பவருக்கு ஒரு சின்ன 'டிக்' கேட்கலாம், அவ்வளவுதான். திரையில் சிவப்பு வரி வரும்போது வேலை முடிந்திருக்கும். 4ஜியும் இந்தத் திசையில்தான் வந்தது. 3ஜியில் பல டவர்களுக்கு மேலே ஒரு கட்டுப்பாட்டுக் கருவி உட்கார்ந்திருந்தது. 4ஜியில் அதை எடுத்துவிட்டார்கள். பக்கத்து டவர்கள் தங்களுக்குள்ளேயே பேசி உங்கள் அழைப்பைக் கைமாற்றிக்கொள்கின்றன.

அப்படியானால் எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்துவிடலாமே? அங்கேதான் மையத்தின் பெறுமதி தெரியவருகிறது. 2020 ஆகஸ்ட் 17இலும் 2025 பெப்ரவரி 9இலும் நாடு முழுக்க மின்சாரம் போனது. அந்த மாதிரி நாளில் எல்லா டவரும் ஒரே நேரத்தில் பற்றரிக்கு மாறுகின்றன. பற்றரி புதுசா பழசா என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் சாகத் தொடங்கும். எதை அணைத்து பற்றரியை நீட்டிப்பது என்பதை டவரில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவியே பார்த்துக்கொள்ளலாம். கூடுதல் அலைவரிசைகளை அணைத்து, அடிப்படைச் சேவையை மட்டும் விட்டுவைக்கும். ஆனால் கையில் பத்து ஜெனரேட்டர்தான் இருக்கிறது, முதலில் எங்கே கொண்டுபோவது? இதை எந்த டவராலும் தனியாகச் சொல்ல முடியாது. ஒரு மலையில் இருக்கும் டவர் பார்ப்பதற்கு மற்றதைப் போலத்தான் இருக்கும். ஆனால் இருபது டவர்களின் இணைப்பு அதன் வழியாகப் போகலாம். முழுப் படத்தையும் வைத்திருப்பவர்தான் களத்தில் நிற்பவரை அழைத்து, "அண்ணா, அந்த சைட்டுக்குப் பின்னால இருபது சைட் தொங்குது, முதல்ல அங்க ஜெனரேட்டரக் கொண்டு போங்க" என்று சொல்ல முடியும்.

பகிர்ந்த முறைக்கு வேறு தலைவலிகளும் உண்டு. முதலாவது, நேரம். வவுனியா செர்வரின் கடிகாரம் 3 செக்கன் முந்தி ஓடினால் விளைவு காரணத்துக்கு முன்னால் நடந்ததுபோல் பதிவாகும், தேடுபவர் தலைகீழாகத் தேடுவார். அதனால்தான் எல்லாக் கருவிகளும் ஒரே நேர மூலத்தோடு ஒத்துப்போக வேண்டும், பதிவுகளை உள்ளூர் நேரத்தில் எழுதாமல் சர்வதேசப் பொது நேரத்தில் எழுத வேண்டும் என்கிறார்கள். 2006 ஏப்ரலில் இலங்கை தன் நேரத்தை அரை மணி பின்னுக்குத் தள்ளியது. உள்ளூர் நேரத்தில் பதிவு வைத்திருந்தால் அந்த இரவில் அரை மணி நேரம் இரண்டு தடவை வந்திருக்கும்.

இரண்டாவது, யார் சொல்வது செல்லும் என்பது. கொழும்பிலும் கண்டியிலும் இரண்டு மேலாண்மை மையங்கள் இருக்கின்றன, நடுவில் இணைப்பு அறுந்தது. மற்றவர் செத்துவிட்டார் என்று இருவரும் நினைத்துக்கொண்டு, ஒரே ரவுட்டருக்கு முரணான கட்டளைகளை அனுப்பலாம். இதைத் தடுக்க மூன்றாவது மையம் ஒன்று வேண்டும். யாழ்ப்பாணத்தில் வைத்தோம் என்று கொள்ளுங்கள். மூன்றில் இரண்டு பேர் ஒத்துக்கொண்டால் மட்டுமே மாற்றம் செல்லும். தனித்துவிடப்பட்டவர் பார்த்துக்கொண்டிருக்கலாம், எதையும் மாற்றக்கூடாது. இரண்டு மையம் மட்டும் கட்டிவிட்டு, எங்களுக்கு மாற்று ஏற்பாடு இருக்கிறது என்று சொல்வது பாதி வேலைதான்.

இனி எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல். மேலாண்மைச் செய்திகள் எந்த வழியாகப் போகின்றன? பெரும்பாலும், மேலாண்மை செய்யப்படும் அதே வலையமைப்பின் வழியாகத்தான். 2022 ஜூலை 8 அதிகாலையில் கனடாவின் ரொஜர்ஸ் நிறுவனத்தில், எல்லாப் போக்குவரத்தும் கடந்து போகும் மைய வலையமைப்பை மேம்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. அமைப்பு மாற்றம் ஒன்றில், பாதைத் தகவல்களை வடிகட்டும் ஒரு கட்டளை நீக்கப்பட்டது. வடிகட்டி போனதும் மைய ரவுட்டர்களுக்குள் தாங்க முடியாத அளவு பாதைத் தகவல் வெள்ளமாகப் பாய, அவை ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. 1 கோடி 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்குச் சேவை போனது. மேலாண்மை வலையமைப்பும் அதே மைய வலையமைப்பின் மேல்தான் ஓடியது. அதனால் பழுதைத் தேட வேண்டிய பொறியியலாளர்களுக்கு ரவுட்டர்களை எட்டிப் பார்க்கவே முடியவில்லை. கையில் இருந்த போனும் அதே நிறுவனத்தின் சிம் என்றால் சக ஊழியரை அழைக்கவும் வழியில்லை.

அன்று நடந்த இன்னொன்று இதைவிடக் கனமானது. மைய வலையமைப்பு விழுந்தும் டவர்கள் தொடர்ந்து சிக்னல் கொடுத்துக்கொண்டிருந்தன. போன்கள் அந்த சிக்னலைப் பிடித்துக்கொண்டே நின்றதால், வேறு நிறுவனத்தின் டவருக்கு மாறவில்லை. 911 அவசர அழைப்புகள் பல இதனால் போய்ச் சேரவில்லை. 2023 நவம்பர் 8இல் அவுஸ்திரேலியாவின் ஒப்டஸ் வலையமைப்பு விழுந்தபோதும் அவசர அழைப்புகளில் இதே சிக்கல் எழுந்தது. மைய வலையமைப்பை இழந்த டவர் தன் சிக்னலைத் தானே அணைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் போன் வேறு டவரைத் தேடும். மையம் செத்த பிறகு மையம் இந்தக் கட்டளையைக் கொடுக்க முடியாது. டவருக்குள்ளேயே அந்த முடிவு முன்கூட்டி வைக்கப்பட்டிருக்க வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் பகிர்ந்த அறிவு எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரியாது.

என் முடிவு இதுதான்: பார்ப்பதும் திட்டமிடுவதும் கொழும்பில் இருக்கட்டும். வடிகட்டுவதும் சேமிப்பதும் மாகாணத்துக்குப் போகட்டும். மையம் இல்லாதபோது என்ன செய்வது என்பது டவருக்கும் ரவுட்டருக்கும் சொல்லப்பட்டிருக்கட்டும். முக்கியமான இடங்களுக்கு, சொந்த வலையமைப்பைத் தொடாத தனிப் பாதை ஒன்று இருக்க வேண்டும். வேறு நிறுவனத்தின் இணைப்போ, செயற்கைக்கோளோ, எதுவானாலும் பரவாயில்லை. செலவு என்று இதைத் தள்ளிப்போடக்கூடாது.

மையமும் கருவியும் அறிவைப் பகிர்ந்துகொள்வதற்கு நல்ல உதாரணம் ஒன்று நெட்கொன்ஃப் என்ற நெறிமுறையில் இருக்கிறது. கருவிகளின் அமைப்பை மாற்றுவதற்காக 2006இல் வந்தது இது. கொழும்பிலிருந்து ஒரு ரவுட்டருக்கு மாற்றத்தை அனுப்பும்போது, 'உறுதி செய்தால் மட்டும் நிலைக்கட்டும்' என்ற நிபந்தனையோடு அனுப்பலாம். ரவுட்டர் மாற்றத்தை உடனே நடைமுறைப்படுத்தும், கூடவே நேரத்தையும் எண்ணத் தொடங்கும். வேறு எதுவும் சொல்லாவிட்டால் 600 செக்கன், அதாவது 10 நிமிடம். மாற்றம் சரியாக இருந்தால் பொறியியலாளர் மறுபடி தொடர்புகொண்டு உறுதி செய்வார். தவறான கட்டளையால் ரவுட்டருக்கான பாதையே அறுந்துபோயிருந்தால் உறுதி வராது. 10 நிமிடம் முடிந்ததும் ரவுட்டர் யாரையும் கேட்காமல் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும், அறுந்த பாதையும் திரும்ப வரும். நள்ளிரவில் யாரும் வான் எடுத்துக்கொண்டு வவுனியாவுக்கு ஓட வேண்டியதில்லை.