சீவி அனுப்பியும் ஒரு கோல் வரல்லையா?

"சேர், அனுப்பாத இடமில்ல. இன்டர்வியூக்குக்கூட ஒருத்தரும் கூப்பிடுறாங்க இல்ல." வேலைவாய்ப்பு ஆலோசனைக்கு வரும் பிள்ளைகளின் வாயில் இருந்து நான் அதிகம் கேட்பது இதைத்தான். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்தவர், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முடித்தவர், உயர்தரத்தோடு நின்றவர், என்விகியூ எனும் தேசிய தொழில் தகைமையில் நான்காம் மட்டம் எடுத்தவர், எல்லோருக்கும் ஒரே பல்லவி.

நேர்முகப் பரீட்சைக்குப் போய்த் தோற்பது வேறு, அழைப்பே வராமல் இருப்பது வேறு. முதலாவதில் உங்களைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்கிறார்கள். இரண்டாவதில் உங்களை யாரும் இன்னும் பார்க்கவே இல்லை, சீவி என்ற உங்கள் சுயவிபரத் தாளைத்தான் பார்த்திருக்கிறார்கள். ஆனால் வீட்டில் இரண்டுக்கும் ஒரே விளக்கம்தான்: "ஆள் இல்லாம வேல எடுக்கேலா." கல்லடியிலிருந்து பொத்துவில் வரை இந்த விளக்கம் செல்லுபடியாகிறது. அதில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன், அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் ஆட்சேர்ப்பு மேசையின் மறுபக்கத்தில் பல வருடம் இருந்தவன் நான். நான் ஒதுக்கி வைத்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை சிபாரிசு இல்லாமல் விழுந்தவை அல்ல. அந்த வேலைக்கு என்ன வேண்டுமோ அது அந்தத் தாளில் இருக்கவில்லை. ஆளிடம் இருந்திருக்கும், தாளில் இல்லை.

போட்டி கடுமையானது என்பதை யாரும் மறுக்க முடியாது. 2004 சுனாமிக்குப் பிறகும், 2009இல் யுத்தம் முடிந்த பிறகும் நம் பகுதிக்கு வந்த தொண்டு நிறுவனங்கள் எத்தனையோ பேருக்கு வேலை கொடுத்தன. திட்டங்கள் முடிய அலுவலகங்களையும் மூடிக்கொண்டு போய்விட்டார்கள். அரச நியமனம் கேட்டு 2017இல் பட்டதாரிகள் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தது பலருக்கும் நினைவிருக்கும். 2020இல் நாடு முழுவதும் சுமார் 50,000 பட்டதாரிகளைப் பயிலுநர்களாகச் சேர்த்தார்கள். 2022 பொருளாதார நெருக்கடியோடு அந்தக் கதவு பெரும்பாலும் சாத்தப்பட்டது. இன்று கல்முனையில் ஒரு கடைக்குக் கணக்கு எழுத ஆள் தேவை என்று பேஸ்புக்கில் போட்டால் பட்டதாரியும் அனுப்புகிறார், சாதாரண தரம் முடித்தவரும் அனுப்புகிறார்.

சரி, அனுப்பியது என்ன ஆகிறது? வாழைச்சேனையில் ஒரு லீசிங் கம்பனிக் கிளைக்கு வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகாமையாளருக்கு அன்றைக்கு வேறு ஆயிரம் வேலை. வந்த சீவிகளைப் போனில் திறந்து விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார். அவர் தேடுவது கொஞ்சம்தான்: மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் இருக்கிறதா, கிளைக்குப் பக்கத்து ஆளா, வீடு வீடாகப் போய் ஆட்களோடு கதைத்துக் காசு அறவிடக்கூடியவரா. வந்த சீவியின் முதல் பக்கத்தில் இருப்பதோ முழுப்பெயர், முதலெழுத்துகளுடன் பெயர், சமயம், சிவில் நிலை, பிறந்த திகதி, சாதாரண தரப் பரீட்சையின் சுட்டெண், ஒன்பது பாடங்களின் பெறுபேறுகள். இரண்டாம் பக்கத்தில் உயர்தரம், பிறகு மூன்று மாத கம்பியூட்டர் கோர்ஸ், கடைசியில் "மேற்கூறிய விபரங்கள் யாவும் உண்மை என உறுதிப்படுத்துகிறேன்", கையொப்பம், திகதி. லைசன்ஸ் எங்குமே இல்லை. அந்தத் தம்பி ஊரில் ஓடித் திரிவதே மோட்டார் சைக்கிளில்தான்!

சுட்டெண்ணை வைத்து உங்கள் பெறுபேற்றை யாரும் முதல் நாளே தேடிப் பார்க்கப் போவதில்லை. சான்றிதழைப் பிறகு கேட்பார்கள். விளம்பரத்தைக் கையில் எடுத்து, கேட்டிருப்பதை ஒவ்வொன்றாகக் கோடிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் உங்களிடம் உள்ள பதில் முதல் பக்கத்தின் மேல் பாதியில் வரட்டும். பெறுபேற்று அட்டவணை கீழே போகட்டும், அல்லது ஒரு வரியாகச் சுருங்கட்டும். வேலைக்கு வேலை சீவியின் அந்த மேல் பாதி மாறத்தான் வேண்டும். ஒரே சீவியை எல்லோருக்கும் அனுப்புகிறவரை விட, குறைவாக அனுப்பினாலும் இடத்துக்கு ஏற்ப மாற்றி அனுப்புகிறவருக்குத்தான் கோல் வருகிறது.

மொழிப் பகுதி தனிக் கூத்து. தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று வரி, பக்கத்தில் கட்டம் போட்டு மூன்றுக்கும் "நன்று". அம்பாறை மாவட்டத்தில் இது பெரிய நட்டம். அம்பாறை நகரம், உகன பக்கம் போனால் சிங்களம் வேண்டும், அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கம் வந்தால் தமிழ் வேண்டும். இரண்டிலும் கதைக்கக்கூடிய ஆளைத்தான் அங்குள்ள கிளைகள் தேடுகின்றன. "சிங்களத்தில் வாடிக்கையாளரோடு தயக்கமின்றிக் கதைப்பேன், வாசிப்பேன், எழுதுவது குறைவு" என்று ஒரு வரி எழுதினால் வாசிப்பவர் நம்புவார். கட்டத்துக்குள் இருக்கும் "நன்று" அவருக்கு ஒன்றையும் சொல்வதில்லை.

அடுத்தது கொமினிகேசன், அதாவது டைப் அடித்துப் பிரிண்ட் எடுத்துத் தரும் கடை. நம் ஊரில் பாதிச் சீவி பிறப்பது அங்குதான். கடைக்காரத் தம்பியின் கணினியில் முன்பு யாருக்கோ அடித்த சீவி கிடக்கும். பெயரை மாற்றி, விலாசத்தை மாற்றி, பிரிண்ட் எடுத்துத் தந்துவிடுவார். அப்படி வந்த சீவி ஒன்றில் பெண்பிள்ளையின் விபரத்துக்குக் கீழே இன்னொருவருடைய கிரிக்கெட் சாதனை அப்படியே இருந்தது. இதைவிட மோசம் யூனிகோட் அல்லாத பாமினி என்ற பழைய எழுத்துருவில் தமிழில் அடித்து வேர்ட் கோப்பாகவே அனுப்புவது. கடையில் அழகாகத் தெரிந்த உங்கள் பெயர், அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக நிற்கும். பெறுபவருக்கு அது எந்த மொழி என்றே விளங்காது, அடுத்த சீவிக்குப் போய்விடுவார். தமிழில் அனுப்புவதானால் யூனிகோட்டில் அடித்து, பிடிஎஃப் ஆக்கி, இன்னொருவருடைய போனில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். கோப்பின் பெயரும் உங்கள் பெயராகவே இருக்கட்டும். "நியூ சீவி பைனல் 2" என்ற பெயரில் வந்து குவியும் கோப்புகளில் உங்களுடையதை யார் தேடப்போகிறார்கள்?

பெயர் என்றதும் இன்னொன்று. அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முன்னால், பட்டச் சான்றிதழில் பின்னால், ஈமெயிலில் செல்லப்பெயர். ஆங்கில எழுத்துகூட இடத்துக்கு இடம் மாறும். கொழும்பில் இருந்து பார்ப்பவருக்கு இவர்கள் மூன்று பேர். அடையாள அட்டையில் உள்ளபடி ஒரே எழுத்தில் எல்லா இடத்திலும் எழுதுங்கள், ஈமெயில் உட்பட.

"எனக்கு எழுத ஒண்டும் இல்லையே மிஸ்" என்று என் சக ஆலோசகரிடம் ஒரு தங்கச்சி சொன்னார். கலைப் பட்டதாரி. ஆய்வுக்காக வாகரைப் பக்கம் மீனவக் குடும்பங்களிடம் போய் வினாக்கொத்து நிரப்பி, எக்செலில் ஏற்றி, அறிக்கை எழுதியிருக்கிறார். தொண்டு நிறுவனங்கள் கள உதவியாளரிடம் கேட்பது இந்த வேலையைத்தான். ஆனால் சீவியில் ஆய்வின் தலைப்பு மட்டும் ஒரு வரியில் கிடந்தது. மாமாவின் அரிசி ஆலையில் கொள்வனவுக் கணக்கு எழுதியவர், கோயில் திருவிழாவுக்குப் பற்றுச்சீட்டுப் புத்தகம் பார்த்தவர், விளையாட்டுக் கழகச் செயலாளராகக் கூட்டறிக்கை எழுதியவர், இவர்கள் எல்லோரும் அனுபவம் என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதிவிட்டு வருகிறார்கள். சம்பளம் வாங்காத வேலையும் வேலைதான். எப்போது, எங்கே, எவ்வளவு பொறுப்பு என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கடையில் நின்றவர்கள் விலகும்போது ஒரு சேவைக் கடிதம் கேட்டு வாங்குங்கள். ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டாத முதலாளிகூட ஒரு கடிதம் தர மறுப்பது குறைவு.

இணையத்தில் இப்போது ஒரு பயம் பரவியிருக்கிறது: சீவியை மென்பொருள்தான் வாசிக்கிறது, அதுதான் தூக்கி வீசுகிறது என்று. கொழும்பின் பெரிய கம்பனிகளிலும் வெளிநாட்டுக் கம்பனிகளிலும் அப்படியான மென்பொருள் உண்டு. ஆனால் செங்கலடியிலும் சம்மாந்துறையிலும் உங்கள் சீவியைத் திறப்பது பெரும்பாலும் ஒரு மனிதர், அதுவும் அவசரத்தில் இருக்கும் மனிதர். மென்பொருளுக்கும் மனிதருக்கும் பிடிக்காதது ஒன்றேதான்: கன்வா என்ற வடிவமைப்புச் செயலியில் செய்த இரண்டு நிரல், நட்சத்திரம், வட்டம், நிறம். வெறும் எழுத்தில் நேராக எழுதினால் மென்பொருளும் வாசிக்கும், முகாமையாளரும் வாசிப்பார்.

அரச விண்ணப்பம் வேறு உலகம். வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் கேட்டபடி படிவம், கேட்டபடி மொழி, கடித உறையின் இடது மேல் மூலையில் பதவியின் பெயர், பதிவுத் தபால், முடிவுத் திகதி. இதில் ஒன்று பிசகினால் ஏன் என்று சொல்லக்கூட மாட்டார்கள். சுட்டெண்ணும் கையொப்பமும் அங்கேதான் வேண்டும்.

இனி "ஆள்" கதை. அரசியல்வாதியின் கடிதத்தோடு வரும் சீவியைத் தனியார் கம்பனி எப்படிப் பார்க்கிறது தெரியுமா? பயத்தோடு. நாளைக்கு இவரை வேலையால் நிறுத்த வேண்டி வந்தால் என்ன செய்வது என்று யோசிக்கிறார்கள். அதே நேரம், சிறிய இடங்களில் பல வேலைகள் விளம்பரத்துக்கே வருவதில்லை என்பதும் உண்மை. "உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல பிள்ளை யாரும் இருக்கா?" என்று ஊழியரிடம் கேட்பதோடு முடிந்துவிடும். அந்தக் கேள்வி கேட்கப்படும்போது உங்கள் பெயர் யாருடைய வாயில் வரும்? பயிற்சிக்கு நின்ற இடத்து மேற்பார்வையாளர், விரிவுரையாளர், உங்களுக்கு முன் முடித்துப்போன அக்கா, அண்ணன். அவர்களிடம் "வேலை இருந்தா சொல்லுங்க" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "களுவாஞ்சிக்குடிக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கணக்கு உதவியாளர் வேலை தேடுகிறேன், குயிக்புக்ஸ் கணக்கு மென்பொருள் தெரியும்" என்று சொன்னால் அவர்களுக்கு நினைவில் நிற்கும். உறவினரல்லாத இருவர் என்று சீவியில் போடும் பெயர்களிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். கோல் போனபோது "யார் அது?" என்று கேட்டவர்களை நான் கண்டிருக்கிறேன்.

அறுகம்பை, பாசிக்குடா ஹோட்டல்களுக்கு நேரில் போவதே நல்லது, அதுவும் சீசன் தொடங்கும் முன். ஆடி மாதம் போய் நின்றால் ஆட்கள் எடுத்து முடிந்திருக்கும். பிரதேச செயலகங்களில் மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்கள உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், பதிவுக்குக் காசில்லை.

அழைப்பே வராமல் மாதங்கள் போகும்போதுதான் மோசடிக்காரனின் அழைப்பு வருகிறது. நேர்முகப் பரீட்சைக்குக் காசு, பயிற்சிக்கு முற்பணம், விசிட் விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றலாம் என்பார்கள். கணினி வேலை என்று நம்பிப் போன நம் நாட்டுப் பிள்ளைகள் மியன்மாரில் இணைய மோசடி முகாம்களில் சிக்கியது அண்மைக் கதை. வெளிநாடு என்றால் முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள்.

கடைசியாகப் போன். கொழும்பு அலுவலகங்கள் பெரும்பாலும் 011இல் தொடங்கும் இலக்கத்தில் இருந்து எடுப்பார்கள். நம் பிள்ளைகள் வங்கியாக்கும், இன்சூரன்ஸ் ஆக்கும் என்று வெட்டிவிடுவார்கள், அல்லது சிங்களம் கேட்டதும் பதறி வைத்துவிடுவார்கள். சீவி அனுப்பிய நாட்களில் தெரியாத இலக்கங்களையும் எடுங்கள். பேச்சு புரியாவிட்டால், தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசலாமா என்று கேட்கும் ஒரு சிங்கள வசனத்தைப் பாடமாக்கி வையுங்கள். தவறிப்போனால் அன்றைக்கே திருப்பி எடுத்து, பெயரையும் விண்ணப்பித்த பதவியையும் சொல்லுங்கள். அனுப்பி ஒரு வாரத்தில் சத்தமே இல்லை என்றால் காலை பத்து மணிக்குப் பிறகு நீங்களே ஒருமுறை எடுத்துக் கேட்கலாம். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு யாருக்கும் பேச நேரமிருக்காது.