பங்குனி வெயிலில் நடுங்கிய கை

2020 மார்ச் 24 சாயங்காலம் கொரோனா ஊரடங்கில் டாஸ்மாக் கடைகளுக்குப் பூட்டு விழுந்தது. மிலிட்டரி கேண்டீன் ரம்மும் நின்றுபோனது. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் கார்கில் போரைப் பார்த்துவிட்டு வந்த அண்ணாச்சி ஒருவர் உண்டு. தினம் அரை பாட்டில் உள்ளே போனால்தான் அவருக்குத் தூக்கம். இரண்டாம் நாள் காலையில் காப்பி டம்ளரை எடுத்தார். டபராவில் அது கடகடவென்று அடித்தது. "ஒண்ணுமில்லடே, பனி" என்றார். பங்குனி மாசத்தில் பனியாம்! மூன்றாம் நாள் ராத்திரி மொட்டை மாடியில் நின்று, இல்லாத ஆளை இந்தியில் அதட்டிக்கொண்டிருந்தார்.

தெருவே 'திமிர்' என்றது. அது மூளைக் கணக்கு.

மூளையை நெல்லையப்பர் தேராக நினைத்துக்கொள்ளுங்கள். வடம் இழுப்பது குளூட்டமேட் என்ற ரசாயனம். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவது காபா என்ற இன்னொரு ரசாயனம். மது முட்டுக்கட்டையின் பக்கம் சேர்ந்து வேகத்தைக் குறைக்கிறது. தினமும் இப்படி நடந்தால் மூளை சும்மா இருக்காது: வடத்தில் ஆள் கூட்டும், சொந்த முட்டுக்கட்டையைத் தளர்த்தும். திடீரென மது நின்றால் தேர் தறிகெட்டு ஓடும். முதலில் நடுக்கம், வியர்வை. பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சித்தப்பிரமை. உயிரே போகலாம்.

பட்டாளத்துக்காரருக்கு இதில் கூடுதல் சுமை. போர்முனையில் உயிர் காத்த விழிப்பை, மூளையில் ஆபத்துக்கு மணியடிக்கும் அமிக்டலா ஊருக்கு வந்த பிறகும் சிலருக்கு விடுவதில்லை. தீபாவளி வெடிக்கு அண்ணாச்சி கதவைச் சாத்திக்கொள்வார். குடித்தால் சீக்கிரம் கண் அயரும், முன்னிரவில் கனவுத் தூக்கம் அமுங்கும். போதை இறங்கும் பின்னிரவில் அது வட்டியோடு திரும்பும். கெட்ட கனவு, மறுபடி குடி. ஊரடங்கில் ஏடிஎம் காவல் வேலையும், பழைய சகாக்களோடு டீக்கடைப் பேச்சும் சேர்ந்தே போயின.

அந்த வாரம் கேரளத்தில், மது நின்று இப்படித் தவித்தவர்களுக்கு டாக்டர் சீட்டுக்கு மது என்று அரசு சொன்னது. மருத்துவர்களே எதிர்த்தார்கள், உயர்நீதிமன்றம் நிறுத்தியது. எதிர்த்தது நியாயம்தான். அண்ணாச்சிக்கு ஆஸ்பத்திரியில் தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசி போட்டு, காபாவுக்குத் துணைபோகும் மாத்திரையைத் தொடங்கி நாளுக்கு நாள் குறைத்தார்கள். ஒரு வாரத்தில் டம்ளர் சத்தம் நின்றது.

கனவு நிற்கவில்லை. 'முதலில் குடியை விடு, மனசை அப்புறம் பார்க்கலாம்' என்பது பழைய பேச்சு. இப்போது இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை தருகிறார்கள். அண்ணாச்சி வாரம் ஒரு நாள் கவுன்சிலிங் போய்வருகிறார். வீட்டில் சொன்னது, பல்வலிக்குப் போகிறேன் என்று.