தலை மேல் பழியைப் போடாதீர்கள்

போன வாரமும் கோல்ஃப் ஆடும் ஒருவர் வலது முழங்கையில் பட்டை கட்டிக்கொண்டு வந்து நின்றார். மதுரையில் வலைக்குள் மேட்டில் (செயற்கைப் புல் விரிப்பில்) அடிக்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்ததாம். கொடைக்கானல் போய்ப் புல்லில் அடித்தால் ஒரு பந்து மண்ணோடு பெயர்ந்து பத்தடியில் விழுகிறது, அடுத்தது மண்டையில் அடி வாங்கித் தரையோடு உருண்டு ஓடுகிறது. ஏன் என்று கேட்டேன். "தலையத் தூக்கிடுறேன் சார், கூட ஆடுறவங்க எல்லாரும் அதான் சொல்றாங்க" என்றார்.

இந்தத் தலை வைத்தியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஸ்விங் (மட்டையை வீசும் அசைவு) கீழே இறங்கும்போது இடுப்பு பந்தை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தால், குனிந்த முதுகு நிமிர்ந்துவிடும். முதுகோடு தலையும் ஏறும். பார்ப்பவர் கண்ணில் படுவது தலை மட்டும்தான். சரி, அதை அமுக்கிப் பிடித்தால் என்ன ஆகிறது? உடம்பு திரும்பாமல் நின்றுவிடுகிறது, எடை வலது காலிலேயே தங்கிவிடுகிறது (வலது கைக்காரர்களுக்குச் சொல்கிறேன்). கிளப் (கோல்ஃப் மட்டை) பந்துக்குப் பின்னாலேயே தன் வளைவின் அடிமட்டத்துக்குப் போய்விடும். அங்கே தரையில் மாட்டினால் மண் பெயரும்; மாட்டாமல் மேலேறி வந்தால் பந்தின் மண்டையில் படும். இரண்டும் ஒரே கோளாறு.

ஸ்வீடன் வீராங்கனை ஆனிகா சோரன்ஸ்டாம் 10 மேஜர் (கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகள்) பட்டங்கள் வென்றவர், 2001-இல் எல்.பி.ஜி.ஏ. (பெண்கள் தொழில்முறை கோல்ஃப்) போட்டியில் ஒரு சுற்றை 59 அடிகளில் முடித்தவர். கிளப் பந்தில் படும் நேரத்தில் அவர் தலை இலக்குப் பக்கம் திரும்பத் தொடங்கியிருக்கும். பழைய வீடியோக்களைப் பாருங்கள்.

கிரிக்கெட்டிலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு பழக்கம், பந்தை அடியிலிருந்து தூக்கிவிடப் பார்ப்பார்கள். வேண்டாம். ஏழாம் நம்பர் அயர்ன் என்ற கிளப்பின் முகம் சுமார் 30 டிகிரி சாய்ந்துதான் இருக்கிறது. மேலே அனுப்புவது அதன் வேலை. நீங்கள் கீழ்நோக்கி, முதலில் பந்து, அப்புறம் தரை என்று அடித்தால் போதும். டீயில் (பந்தை உயர்த்தி வைக்கும் சிறு குச்சியில்) வைத்து டிரைவரால் (தூரமாக அடிக்கும் நீளமான கிளப்பால்) அடிப்பது மட்டும் வேறு கணக்கு.

மேட்டை நம்பி ஏமாறாதீர்கள். கிளப் முன்னாலேயே தரையைத் தொட்டாலும் மேட்டில் வழுக்கிப் போய்ப் பந்தை அடித்துவிடும், சத்தம்கூட நன்றாக வரும். 1895-இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பின் ஈரப் புல்லில் அதே கிளப் மண்ணில் சிக்கும். அந்த அதிர்ச்சி முழுக்க மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும்தான் போகும். முழங்கையின் உட்பக்க எலும்புப் புடைப்பில் தொட்டால் வலிக்கிறதா? பட்டை கட்டிக்கொண்டு வாளி வாளியாகப் பந்து அடிக்காதீர்கள், பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்.

புல் உள்ள இடத்தில் கோலப்பொடியால் இலக்குக்குக் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். கோடு இரண்டு கால்களுக்கும் நடுவில் வரும்படி நின்று, பந்தே இல்லாமல் அரை ஸ்விங் அடியுங்கள். புல் பெயர்ந்த தடம் கோட்டில் தொடங்கி இலக்குப் பக்கம் போக வேண்டும். வலது பக்கமே தடம் விழுந்தால் எடை இன்னும் இடது காலுக்கு வரவில்லை என்று அர்த்தம். முடித்து நிற்கும்போது வலது குதிகால் தரையில் இருக்கவே கூடாது. மேட்டில் பழகுபவர்கள் பந்துக்குப் பின்னால் அரைச் சாண் தள்ளி ஒரு துண்டை மடித்து வையுங்கள். கிளப் துண்டில் படாமல் வரட்டும். அது பிடிபடும் வரை முழு ஸ்விங் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். வத்தலக்குண்டு வழியாக மூன்று மணி நேரம் காரில் முடங்கி மலையேறிவிட்டு, இறங்கியதும் டிரைவரை உருவாதீர்கள். கால் மணி நேரம் நடந்து, இடுப்பையும் தோளையும் திருப்பிவிட்டு, சின்ன அடிகளாகத் தொடங்குங்கள்.