பாலிஷ் போட்டால் விரிசல் போகாது

இந்த சீசனில் இன்னொரு இறக்கை பட்டறைக்கு வந்துவிட்டது. ஃபைபர்கிளாஸ் கிளைடர், அதாவது எஞ்சின் இல்லாமல் பறக்கும் விமானம், கண்ணைப் பறிக்கும் பளபளப்பு. மேற்புறத்தில் ஒரு சாண் இடத்தில் கருப்பு மையைத் தேய்த்துத் துடைத்தேன். முன்விளிம்பிலிருந்து பின்பக்கமாக வரிசை வரிசையாக மெல்லிய கருங்கோடுகள். உரிமையாளருக்கு நம்பவே முடியவில்லை. போன மாதம் கார் பாலிஷ் போட்டு எல்லாவற்றையும் போக்கிவிட்டாராம்.

போகவில்லை ஐயா. பாலிஷ் விரிசலுக்குள் அடைந்துகொண்டது, அதனால் தெரியவில்லை, அவ்வளவுதான். ஜெல்கோட் என்ற அந்த வெள்ளைப் பூச்சு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். விரிசல் அதன் ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது. பாலிஷ் மெஷினை வைத்துத் தேய்க்கத் தேய்க்க, குறைவது விரிசல் இல்லை, பூச்சு. உள்ளே கண்ணாடி இழைகளைப் பிணைத்திருக்கும் ரெசினை (பிசினை) வெயிலிடமிருந்து காப்பதே அந்தப் பூச்சுதான். இன்னொன்று, கார் பாலிஷ் பலவற்றில் சிலிகான் உண்டு. அது விரிசலில் தங்கிவிட்டால், பின்னால் மறுபூச்சு அடிக்கும்போது பெயின்ட் ஒட்டாமல் குழி குழியாக விலகும். முழு கிளைடரையும் உரித்துப் பூச நூற்றுக்கணக்கான மணி நேரம் ஆகும். அந்த பில்லைப் பார்த்து என்னிடம் கோபப்பட்டுப் பயனில்லை.

ஆஸ்திரேலிய வெயில் என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தரையில் வெந்த இறக்கை உயரே போனதும் குளிரில் சுருங்குகிறது. இரவில் பனி நனைக்கிறது. மறுநாள் மீண்டும் அதே கதை. பூச்சு விரிசல் விடுவது இப்படித்தான்.

வெளியில் கட்டிப்போடுவதானால் கவர் போடுங்கள். ஆனால் முதலில் புழுதியைக் கழுவி, ஈரத்தைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். மண்ணோடு போட்ட கவர் காற்றில் ஆடும்போது உப்புத்தாள் வேலை பார்க்கும். ஈரக் கவரை நாள்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். நனைந்த இறக்கையை டிரெய்லரில் தள்ளிப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களை என்ன சொல்வது! இறக்கையின் அடிப்புறத்தையும் துடையுங்கள், தயவுசெய்து. இறக்கை உடலோடு சேரும் இணைப்பில் ஒட்டிய டேப்பை அன்றே எடுங்கள், வெயிலில் பசை வெந்தால் உரிப்பதற்குள் உயிர் போகும். மேற்புறத்தில் கருநிற ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம். பல கிளைடர்களில் எபாக்ஸி என்ற அந்த ரெசின் 54 டிகிரிக்கு மேல் வலுவிழக்கத் தொடங்கும், வெள்ளை நிறம் அழகுக்காக இல்லை.

ஆண்டுக்கு ஒருமுறை கெட்டி மெழுகு போடுங்கள். மெஷினை ஒரே இடத்தில் நிறுத்திச் சூடேற்றாதீர்கள். மெழுகு டப்பாவில் 'சிலிகான் இல்லை' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதைக் காருக்கே வைத்துக்கொள்ளுங்கள்.