பேட்டரி ஆசிட் ஏன் காய்வதில்லை?

வியாசர்பாடியில் இருக்கும் என் சித்தப்பா கால் டாக்சி ஓட்டுகிறார். போன மழைக்காலத்தில் காரின் பழைய பேட்டரியைக் கழற்றி, புதிது வாங்கும்போது கொடுத்துவிடலாம் என்று மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்தார். யாரோ சைக்கிளை எடுக்கும்போது இடித்து அது சாய்ந்துவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது ஏறக்குறைய ஒரு டம்ளர் ஆசிட் தரையில் ஓடிக் கிடந்தது. சித்தி அதற்குள் பிளீச்சிங் பவுடர் டப்பாவோடு வந்துவிட்டார். "வெள்ளைத் தூள்தானே, போட்டா உறிஞ்சிக்கும்டா" என்றார். மூடியைத் திறப்பதற்குள் டப்பாவை வாங்கித் தூர வைத்தேன்.

பிளீச்சிங் பவுடரில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டம் இல்லாத படிக்கட்டு அடியில் அது தொண்டையையும் நுரையீரலையும் புண்ணாக்கிவிடும். வட சென்னைக்காரர்கள் இதை முக்கியமாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது நமக்கு மறந்திருக்காது. தரைத்தளத்தில் இருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரி வெள்ளத்தில் மிதந்து சாயும். தண்ணீர் வடிந்த கையோடு தெருவெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவுவார்கள். இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடக் கூடாது.

சரி, ஒன்றும் போடாமல் அப்படியே விட்டால் காய்ந்துவிடாதா? காயாது.

பேட்டரிக்குள் இருப்பது தண்ணீர் கலந்த கந்தக அமிலம். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியில் எடைக்கு எடை 35 முதல் 37 சதவீதம் அமிலம், மீதி தண்ணீர். கடைக்காரர் ஹைட்ரோமீட்டர் என்ற அடர்த்தி அளக்கும் கருவியை விட்டுப் பார்த்து "1280 இருக்கு" என்று சொல்வது இந்த அடர்த்தியைத்தான். சார்ஜ் இறங்க இறங்க அமிலம் காரீயத் தகடுகளோடு வினைபுரிந்து குறைந்துகொண்டே போகும். ஆனால் செத்த பேட்டரியிலும் சதையைச் சுடும் அளவுக்கு அது மிச்சம் இருக்கும்.

தண்ணீர் ஆவியாகும், கந்தக அமிலம் ஆகாது. அதன் கொதிநிலை சுமார் 337 டிகிரி செல்சியஸ். வெயிலில் கொட்டிய ஆசிட்டிலிருந்து தண்ணீர் மட்டும் கிளம்பிப் போக, தங்குவது முன்பைவிடக் கடுமையான ஆசிட். நிழலில் கொட்டினால் கதையே வேறு. கந்தக அமிலம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். காற்றின் ஈரப்பதம் 65 முதல் 75 சதவீதம் இருந்தால், ஏறத்தாழ 30 முதல் 35 சதவீத அமிலம் அந்தக் காற்றோடு சமநிலையில் நின்றுவிடும். விடுகிற அளவுக்கே தண்ணீரைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். காசிமேட்டுப் பக்கம் அடிக்கிற கடற்காற்றில் இந்த ஈரப்பதம் சர்வ சாதாரணம். அதாவது பேட்டரிக்குள் இருந்த அதே வீரியத்தோடு நாள்கணக்கில் அது தரையில் கிடக்கும். குழந்தைகள் தவழும் வீட்டில் இதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. ஆகவே அமிலத்தைச் செயலிழக்கச் செய்வதுதான் வழி.

அதற்கு ஆப்ப சோடா போதும். அதிலிருக்கும் சோடியம் பைகார்பனேட் கந்தக அமிலத்தோடு சேர்ந்து சோடியம் சல்பேட் என்ற உப்பு, தண்ணீர், கார்பன் டைஆக்சைடு என மூன்றாக மாறிவிடும். நுரை பொங்குவது அந்த வாயு வெளியேறுவதால்தான். இதைவிட வேகமான காரங்கள் உண்டு. ஆனால் காஸ்டிக் சோடாவைப் போட்டால் பெரும் சூடு கிளம்பி ஆசிட் தெறிக்கும், மிஞ்சிய காஸ்டிக்கும் தோலை அரிக்கும். ஆப்ப சோடா வினைபுரியும்போது சூட்டைக் கிளப்புவதற்குப் பதிலாகக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்கிறது. கை தவறி அதிகமாகக் கொட்டினாலும் கெடுதல் இல்லை. சலவை சோடாவும் வேலை செய்யும். கிளிஞ்சல் சுண்ணாம்பும் செய்யும்தான், ஆனால் சூடாகும், ஜிப்சமாக இறுகித் தரையில் ஒட்டிக்கொள்ளும்.

எல்லோரும் தவறவிடுவது அளவை. ஒரு சிட்டிகை தூவி, நுரை வந்ததும் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். முழு சார்ஜில் உள்ள பேட்டரியின் 200 மில்லி ஆசிட்டில் கிட்டத்தட்ட 95 கிராம் கந்தக அமிலம் இருக்கும். அதை முறிக்க 160 கிராமுக்கு மேல் ஆப்ப சோடா வேண்டும். நூறு கிராம் பாக்கெட்டில் இரண்டு! கிளம்பும் வாயுவோ சுமார் 47 லிட்டர். வெடிக்கிற குமிழிகள் ஆசிட் துளிகளையும் மேலே தூக்கி வரும். அதனால் கதவு ஜன்னலைத் திறந்துவைத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கைக்கு ரப்பர் கையுறை, காலுக்குச் செருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி. பக்கத்தில் பீடி, தீக்குச்சி, ஊதுபத்தி எதுவும் வேண்டாம். சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜனை விடும், அது காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும்.

கண்ணில் தெறித்துவிட்டால் தரையை மறந்துவிடுங்கள். இமையைப் பிரித்துப் பிடித்து, ஓடும் சுத்தமான தண்ணீரில் 20 நிமிடமாவது விடாமல் கழுவ வேண்டும். கண்ணில் சோடாவைப் போடவே கூடாது. கழுவி முடித்த பிறகுதான் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819 முதல் இருக்கிறது, நமக்குத் தூரமும் இல்லை. தோலில் பட்டாலும் முதலில் தண்ணீர்தான், நிறையத் தண்ணீர்.

அன்று நாங்கள் முதலில் ஆசிட்டைச் சுற்றி உலர்ந்த மணலால் கரை கட்டினோம். எடுத்தவுடன் பக்கெட் தண்ணீரை ஊற்றியிருந்தால் அறை முழுவதும் பரவியிருக்கும். மரத்தூளும் பழைய துணியும் வேண்டாம், ஆசிட் அவற்றையே அரித்துவிடும். பிறகு ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சோடாவைத் தூவினோம். சிறிது நேரத்தில் நுரை அடங்கியது. இங்கேதான் ஏமாறுவோம். மேலே உப்பு ஏடுபோல் படிய, அடியில் ஆசிட் அப்படியே இருக்கும். பிளாஸ்டிக் குச்சியால் கிளறி, கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். திரும்பவும் பொங்கியது. மூன்றாவது முறைதான் அசைவில்லாமல் கிடந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கடப்பா கல் ஒரு வகைச் சுண்ணாம்புக் கல், சிமெண்டிலும் சுண்ணச்சத்து இருக்கிறது. ஆசிட் பட்டால் தரையே நுரைக்கும், குழி விழும். எனவே நுரையை மட்டும் நம்ப முடியாது. செம்பருத்தி இதழை வெந்நீரில் ஊறவைத்த சாறு ஆசிட்டில் அடர் இளஞ்சிவப்பாகும், காரத்தில் பச்சையாகும். பின்வீட்டுச் செடியிலிருந்து இரண்டு பூ பறித்து வந்தோம். கலவையில் விட்ட சொட்டு பச்சைக்குத் திரும்பியதும்தான் சித்திக்கு நம்பிக்கை வந்தது.

அமிலம் முறிந்தாலும் காரீயம் போய்விடாது. தகடுகளிலிருந்து உதிர்ந்த காரீயத் துகள்கள் அந்தச் சேற்றில் இருக்கும். குடிநீரில் காரீயம் ஒரு லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. நம் சாக்கடையில் விடுவது கேப்டன் காட்டன் கால்வாய்க்கும், அங்கிருந்து பக்கிங்காம் கால்வாய்க்கும் போகும். அந்தக் கால்வாய்கள் ஏற்கெனவே சுமப்பது போதும். மணலையும் சேற்றையும் வழித்துத் தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி, பேட்டரியோடு கடையில் கேட்டுக் கொடுத்தோம். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்வது தயாரிப்பாளர்களின் பொறுப்பு என்று 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன.

காருக்குள் பேட்டரித் தட்டில் ஆசிட் கசிந்திருந்தால் சோடா கரைத்த தண்ணீரால் துடைக்கலாம். செல் மூடிகள் இறுக மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சோடா உள்ளே இறங்கினால் பேட்டரி பாழ்.

அப்புறம் சித்தப்பாவின் சட்டை. பேட்டரியை நிமிர்த்தும்போது துளிகள் பட்டிருந்தன, பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பருத்தி நூல் குளுக்கோஸ் கண்ணிகள் கோத்த சங்கிலி. ஆசிட் அந்தக் கண்ணிகளை அறுத்துக்கொண்டே இருக்கும், கொடியில் காயும்போது தண்ணீர் போய் இன்னும் வேகமாக அறுக்கும். துவைக்கிற கல்லில் அடிக்கும்போதுதான் ஓட்டை கண்ணுக்குத் தெரியும். போன வருடம் இப்படிக் கிழிந்த ஒரு சட்டைக்காகச் சித்தி துவைக்கிற கல்லைத்தான் திட்டிக்கொண்டிருந்தாராம். இந்த முறை உடனே கழற்றச் சொல்லி, நிறையத் தண்ணீரில் அலசி, சோடா கரைத்த பக்கெட்டில் ஊறப்போட்டோம். பாக்கெட்டுக்குக் கீழே ஊசிமுனை அளவில் ஒரே ஒரு ஓட்டை விழுந்தது. இத்தனை முறை துவைத்தும் அது பெரிதாகவில்லை.